சிம்ப்சன்ஸ் முதல் சீசனுக்கு விமர்சனம்: எந்த வரிசையில் எழுதுவது, எதைக் குறை என்பது?

முதல்சட்டகம் கேட்டது:

வணக்கம். சிம்ப்சன்ஸ் கார்ட்டூன் தொடரின் முதல் சீசனில் உள்ள 13 எபிசோடுகளுக்கும் தனித்தனியாக விமர்சனம் எழுதி வருகிறேன். நான்கு முடிந்திருக்கின்றன. மூன்று விஷயங்களில் தெளிவு வேண்டும்.

முதலாவது, வரிசை. 1989 டிசம்பர் 17 அன்று ஒளிபரப்பான கிறிஸ்துமஸ் எபிசோடைத்தான் எல்லாப் பட்டியல்களும் முதலாவது என்கின்றன. அதில் வழக்கமான டைட்டில் காட்சியே கிடையாது. சீசனை முடித்துவைக்கும் 'சம் என்சான்டட் ஈவ்னிங்' எபிசோடோ, படம் வரைந்த விதத்தில் மற்ற பன்னிரண்டையும்விடக் கரடுமுரடாக இருக்கிறது. கடைசியாக வந்தது எப்படிப் பின்தங்கிப் போகும்?

இரண்டாவது, பாத்திரங்கள். 'தேர்ஸ் நோ டிஸ்கிரேஸ் லைக் ஹோம்' எபிசோடில் குடும்ப மானத்துக்காகத் துடிப்பவர் அப்பா ஹோமர். குடித்துவிட்டு ஆடிப்பாடுபவர் அம்மா மார்ஜ். பின்னால் நாம் அறிந்த இருவருக்கும் இது நேர்த் தலைகீழ். இதைக் குறை என்று எழுதலாமா?

மூன்றாவது, மதிப்பெண். நான்காம், ஐந்தாம் சீசன்களை அளவுகோலாக வைத்தால் இந்த 13இல் பாதிக்கு மேல் தேறாது. தனியாக வைத்துப் பார்த்தால் எதை வைத்து அளப்பது என்று பிடிபடவில்லை.

---

மைக்கோடு எழுதியது:

வரிசையை முதலில் தீர்த்துவிடுவோம். மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதிப் பதில் அதற்குள்ளேயே இருக்கிறது.

ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு தயாரிப்பு எண் உண்டு. முதல் சீசனில் அது 7ஜி என்று தொடங்கும். நீங்கள் கரடுமுரடு என்று சொன்ன 'சம் என்சான்டட் ஈவ்னிங்'தான் 7ஜி01. அதாவது, கடைசியாக வந்தது முதலில் செய்யப்பட்டது. தொடரைத் தொடங்கிவைக்க வேண்டிய எபிசோடே அதுதான். கொரியாவிலிருந்து வண்ணம் தீட்டி முடித்து வந்த படத்தைப் போட்டுப் பார்த்தபோது தயாரிப்பாளர்கள் ஆடிப்போனார்கள். கதவுகள் ரப்பர் போல வளைந்தன, பின்னணி நடுங்கியது. ஏறக்குறைய 70 சதவீதத்தைத் திரும்பச் செய்ய வேண்டியதாயிற்று. அதனால் தொடரின் தொடக்கமே 1989 இலையுதிர் காலத்திலிருந்து தள்ளிப்போய், எட்டாவதாகத் தயாரான கிறிஸ்துமஸ் கதை (7ஜி08) முதலில் திரைக்கு வந்தது. 'சம் என்சான்டட் ஈவ்னிங்' 1990 மே 13 அன்று சீசனின் வாலில் ஒட்டிக்கொண்டது. இயக்குநர் இடத்தில் கென்ட் பட்டர்வொர்த், டேவிட் சில்வர்மன் என்று இரண்டு பெயர்கள் இருப்பதற்கும் இதுதான் காரணம். முதல் முறை இயக்கியவர் முன்னவர், திரும்பச் செய்தவர் பின்னவர்.

கதவு வளைந்தால் என்ன, கார்ட்டூன்தானே என்று கேட்கலாம். இந்தத் தொடரின் அடிப்படையே அங்கேதான் இருக்கிறது. தொடரை உருவாக்கிய மேட் க்ரோனிங், ஜேம்ஸ் எல். புரூக்ஸ், சாம் சைமன் மூவரும் செய்ய நினைத்தது மனிதர்கள் நடிக்கும் குடும்ப காமெடி. அது வரையப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். சுவர் சுவராக இருக்க வேண்டும், அடிபட்டால் வலிக்க வேண்டும். ஒரு கதவு வளைந்துவிட்டால், அந்த உலகத்தில் எதுவும் நடக்கலாம் என்று பார்ப்பவர் மனம் முடிவு கட்டிவிடும். அதற்குப் பிறகு ஹோமரிடம் பணம் இல்லை என்பது பார்ப்பவரைத் தொடாது.

எனவே 7ஜி01க்கு விமர்சனம் எழுதும்போது பொதுவாக 'அனிமேஷன் மோசம்' என்று எழுதாதீர்கள். ஒரே எபிசோடுக்குள் பழைய படமும் திருத்திய படமும் கலந்து கிடக்கின்றன. முக அமைப்பும் கோட்டின் தடிமனும் காட்சிக்குக் காட்சி மாறுவதைக் குறித்து, எந்த இடத்தில் அது நகைச்சுவையைக் கெடுக்கிறது என்று சொல்லுங்கள்.

தயாரிப்பு வரிசை இது: சம் என்சான்டட் ஈவ்னிங் (01), பார்ட் த ஜீனியஸ் (02), ஹோமர்ஸ் ஒடிஸி (03), தேர்ஸ் நோ டிஸ்கிரேஸ் லைக் ஹோம் (04), பார்ட் த ஜெனரல் (05), மோனிங் லிசா (06), த டெல்டேல் ஹெட் (07), கிறிஸ்துமஸ் எபிசோட் (08), த கால் ஆஃப் த சிம்ப்சன்ஸ் (09), ஹோமர்ஸ் நைட் அவுட் (10), லைஃப் ஆன் த ஃபாஸ்ட் லேன் (11), கிரஸ்டி கெட்ஸ் பஸ்டட் (12), த க்ரேப்ஸ் ஆஃப் ராத் (13).

இந்த வரிசையில் பார்த்தால் கை பழகுவது கண்ணுக்குத் தெரியும். 11, 12இல் இருக்கும் நிதானம் 3, 4இல் இல்லை. ஒளிபரப்பு வரிசையில் இந்த வளர்ச்சி கலைந்துபோகிறது.

---

நாலுக்குமூணு எழுதியது:

மைக்கோடு சொன்ன தகவல் எல்லாம் சரி, ஆனா விமர்சனத்தை ஒளிபரப்பு வரிசையிலயே போடுங்கன்னுதான் சொல்லுவேன். அப்போ பார்த்தவங்களுக்குக் கிடைச்ச முதல் அறிமுகம் கிறிஸ்துமஸ் கதைதான். போனஸ் கிடையாதுன்னு ஆயிடுது, மார்ஜ் சேர்த்து வச்ச பணம் மகன் பார்ட் குத்திக்கிட்ட பச்சையை அழிக்கறதுக்குப் போயிடுது, சான்டா வேஷம் போட்டு உழைச்ச ஹோமர் கையில பிடித்தம் போக 13 டாலர் நிக்குது. இந்தக் குடும்பம் யாருன்னு அந்த 13 டாலர் சொல்லிடுது. கடைசி எபிசோடை முதல்ல வச்சா, குழந்தைகளைக் கட்டிப்போடற திருடிதான் அறிமுகம். தொனியே வேற. தயாரிப்பு எண்ணைத் தலைப்புக்குக் கீழே ஒரு வரியில போட்டுட்டா ரெண்டு பக்கமும் நியாயம் ஆயிடும்.

டைட்டில் இல்லாததுக்கும் காரணம் இதான்: கிறிஸ்துமஸ் எபிசோட் தனிச் சிறப்பு நிகழ்ச்சியா வந்தது. வாராவாரம் வர ஆரம்பிச்சது 1990 ஜனவரி 14, 'பார்ட் த ஜீனியஸ்'ல இருந்து. கரும்பலகையில பார்ட் தண்டனை எழுதறது, குடும்பம் சோபாவுல வந்து உட்கார்ற காமெடி ரெண்டும் அதுலதான் முதல் தடவை. முதல் சீசன் டைட்டிலும் பின்னாடி நாம பார்த்துப் பழகினதும் ஒண்ணில்ல. இதுல பார்ட் பஸ் ஸ்டாப் பலகையைப் பிடுங்கிட்டுப் போவான், பஸ் நிக்காம போகும், காத்திருந்தவங்க பின்னாடியே ஓடுவாங்க. இரண்டாம் சீசன்ல டைட்டிலைப் புதுசா வரைஞ்சுட்டாங்க.

வரிசையைவிட முக்கியமா, எந்தப் பிரதியைப் பார்க்கறீங்கன்னு கவனிங்க. இந்த சீசன் பழைய டிவியோட 4:3 சட்டத்துக்கு வரைஞ்சது. அகலத்திரைக்கு 16:9 ஆக்கறதுக்கு மேலயும் கீழயும் வெட்டினா படத்தோட உயரத்துல சரியா கால்வாசி போயிடும். மார்ஜோட முடி இருக்கற தொடர்ல கால்வாசி உயரம் சின்ன விஷயமில்ல. ரெண்டு பேர் பேசற காட்சியில தலையும் கையும் அறுபட்டு, நெருக்கமா எடுத்த ஷாட் மாதிரி ஆயிடும். 'இயக்குநர் ஏன் இவ்ளோ நெருக்கி வச்சார்'னு தப்பா எழுதிடுவீங்க. டிஸ்னி பிளஸ் 2019 நவம்பர்ல ஆரம்பிச்சப்போ வெட்டின படம்தான் இருந்தது. 2020 மே மாசம் 4:3யைத் தேர்ந்தெடுக்கற வசதி வந்தது. அதனால எழுதறதுக்கு முன்னாடி அந்த அமைப்பு எதுல இருக்குன்னு பாருங்க. திரையோட ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தா சரியான படம்.

2001 செப்டம்பர்ல வந்த டிவிடி 4:3தான். தொலைக்காட்சி மறு ஒளிபரப்புல பதிஞ்ச பிரதியை நம்பாதீங்க, கூடுதல் விளம்பரத்துக்கு இடம் பண்ண ஒண்ணு ரெண்டு நிமிஷத்தை வெட்டியிருப்பாங்க. ஒரு காமெடிக்கு முன்னாடி வர்ற மௌனம்தான் பெரும்பாலும் முதல்ல வெட்டுப்படும். 'வேகமா முடிச்சுட்டாங்க'ன்னு நீங்க எழுதறது வெட்டினவரைப் பத்தின விமர்சனமா ஆயிடும்.

---

வசனக்காரி எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் ஆரம்ப எபிசோடுகளைப் பற்றிய விமர்சனங்களில் அதிகம் தடம் புரள்வது இங்கேதான்.

'இது ஹோமர் மாதிரி இல்லை' என்ற வரியை எழுதாதீர்கள். 1990 ஜனவரியில் 'ஹோமர் மாதிரி' என்று ஒன்று முடிவாகியிருக்கவில்லை. 1987 ஏப்ரல் 19 முதல் டிரேசி உல்மன் ஷோ என்ற தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வந்த 48 குறும்படங்கள் மட்டும்தான் கையில் இருந்தன. அவற்றில் ஹோமர் எளிதில் சீறும் அப்பா. ஒரு எபிசோட் எழுத்திலிருந்து திரைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்பதையும் மறக்க வேண்டாம். எது எடுபடுகிறது என்று பார்த்து அடுத்த வாரம் திருத்திக்கொள்ள எழுதியவர்களுக்கு வழி இல்லை.

பின்னால் வந்த எபிசோடோடு முரண்படுவது குறையாகாது. தனக்குள்ளேயே முரண்பட்டால் குறைதான். 'தேர்ஸ் நோ டிஸ்கிரேஸ் லைக் ஹோம்' எபிசோடை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். ஹோமரின் வெட்கத்துக்குக் காரணம் கதைக்குள் இருக்கிறது: முதலாளி பர்ன்ஸ் வீட்டு விருந்தில் எல்லாக் குடும்பமும் சிரித்த முகமாக நிற்க வேண்டும், இவர் குடும்பம் நிற்கவில்லை. பிறகு அடுத்தவர் வீட்டு ஜன்னல்களை எட்டிப் பார்க்கிறார். இது சரியாகவே கட்டப்பட்டிருக்கிறது. மார்ஜ் குடிப்பதற்கு அப்படி ஒரு காரணம் இல்லை. ஹோமர் வெட்கப்பட வேண்டும் என்பதற்காகவே அவர் கையில் கோப்பை திணிக்கப்படுகிறது. குறை இதுதான், இதைத் தயங்காமல் எழுதலாம்.

அதே எபிசோடின் மூன்றாம் பகுதியை எவ்வளவு பாராட்டினாலும் தகும். மனநல மருத்துவம் பார்க்க டிவியை அடகு வைக்கிறார்கள். டாக்டர் மார்வின் மன்றோவின் அறையில் ஒருவருக்கொருவர் மின் அதிர்ச்சி கொடுத்துக்கொள்வதுதான் அந்தக் குடும்பம் முதன்முதலாக மனமொத்துச் செய்யும் காரியம். தோற்றுப்போன மருத்துவர் வாக்களித்தபடி 500 டாலராக இரட்டித்துத் திருப்பித் தர, அதில் புது டிவி வருகிறது. தொடங்கிய பொருளிலேயே கதை முடிகிறது, குடும்பமும் ஒன்றுசேர்கிறது, யாரும் திருந்தவுமில்லை. 22 நிமிடத்துக்குள் இப்படி முடிச்சுப் போடுவது கடினம்.

ஒவ்வொரு எபிசோடுக்கும் 'கதையைத் திருப்பும் முடிவை யார் எடுக்கிறார்கள்?' என்று ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள். 'மோனிங் லிசா'வில் அது மார்ஜ். சோகத்தை உள்ளே அழுத்திவிட்டுச் சிரி என்று மகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர், அந்தச் சிரிப்பை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்று பார்த்ததும் காரைத் திருப்பிக்கொண்டு வந்து சொன்னதை மாற்றிச் சொல்கிறார். தாய் தவறுகிறாள், தானே கண்டுகொள்கிறாள், வெளியிலிருந்து யாரும் பாடம் நடத்தவில்லை. ஹோமரும் பார்ட்டும் குத்துச்சண்டை வீடியோ கேம் ஆடும் கிளைக்கதை இதற்கு நடுவே வருகிறது. அது லிசாவின் கதையைக் குலைக்கிறதா, மூச்சுவிட இடம் தருகிறதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அந்தக் கிளைக்கதை இல்லாவிட்டால் எபிசோட் தாங்க முடியாத கனமாகிவிடும் என்பது என் கருத்து.

'லைஃப் ஆன் த ஃபாஸ்ட் லேன்' எபிசோடில் கடைசி முடிவும் மார்ஜுடையதே. மனைவியின் பிறந்தநாளுக்குத் தன் பெயர் பொறித்த பவுலிங் பந்தை (பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் விளையாட்டு) பரிசளிக்கும் கணவன், கற்றுத்தருகிறேன் என்று நெருங்கும் ஜாக். கடைசியில் சாலை இரண்டாகப் பிரிகிறது, ஒன்று ஜாக்கிடம், மற்றது ஹோமரிடம். அதற்கு முன்னால் ஹோமர், அவள் செய்து கொடுக்கும் வேர்க்கடலை வெண்ணெய் சாண்ட்விச்சைப் பற்றித் தட்டுத்தடுமாறிப் பேசும் காட்சியைத் தனியாக இரண்டு முறை பாருங்கள். மன்னிப்பு என்ற சொல் வராமலேயே மன்னிப்பு கேட்கப்படுகிறது. ஜாக்குக்குக் குரல் கொடுத்த ஆல்பர்ட் புரூக்ஸ் (பெயர்ப் பட்டியலில் ஏ. புரூக்ஸ் என்றுதான் வரும்) பல வசனங்களைப் பதிவின்போது தானே சேர்த்தார். 1990இல் எம்மி விருது வாங்கியது இந்த எபிசோடுதான்.

குரல் பற்றி ஒன்று. ஹோமரின் குரல் தணிந்து, முணுமுணுப்பாக இருப்பதைப் 'பொருந்தவில்லை' என்று எழுதாதீர்கள். டான் காஸ்டெல்லனெட்டா தொடக்கத்தில் நடிகர் வால்டர் மத்தாவின் பேச்சுச் சாயலில் பேசினார், பிறகுதான் குரல் மேலேறியது. களைத்துப்போன மனிதனுக்கு அந்தப் பழைய குரல் நன்றாகவே பொருந்துகிறது. 13 டாலர் காட்சியைப் புதிய குரலில் கற்பனை செய்துபாருங்கள், பாதி வலி போய்விடும்.

---

முதல்சட்டகம் எழுதியது:

மூவருக்கும் நன்றி. ஒளிபரப்பு வரிசையில் வைத்து, தலைப்புக்குக் கீழே தயாரிப்பு எண் போடுகிறேன். இன்னும் இரண்டு சந்தேகம். 'ஹோமர்ஸ் ஒடிஸி'யில் பர்ன்ஸின் உதவியாளர் ஸ்மிதர்ஸ் கறுப்பு நிறத்தில் வருகிறார், பிறகு மஞ்சள். கிறிஸ்துமஸ் எபிசோடில் ஹோமரின் நண்பர் பார்னியின் முடியும் மஞ்சள். இவற்றுக்கு மதிப்பெண் குறைப்பதா? இன்னொன்று, படத்தை நிறுத்திப் பார்த்தால் முகங்கள் கோணலாக நிற்கின்றன. அந்தச் சட்டகங்களை விமர்சனத்தில் காட்டலாமா?

---

மைக்கோடு எழுதியது:

ஸ்மிதர்ஸ் விஷயம் வண்ணம் குறித்ததில் நேர்ந்த பிழை, வேறு உள்நோக்கம் இல்லை. ஒரே வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோங்கள். பார்னி அப்படி அல்ல. முதலில் முடிக்கும் தோலுக்கும் ஒரே மஞ்சளைத்தான் வைத்தார்கள். பார்ட், லிசா, மேகி மூவருக்கும் முடி எங்கே முடிகிறது, நெற்றி எங்கே தொடங்குகிறது என்று கோடு கிடையாது என்பதைக் கவனியுங்கள். பிறகு, அந்த ஒரே நிறம் சிம்ப்சன் குடும்பத்துக்கு உரியதாக இருக்கட்டும் என்று பார்னிக்குப் பழுப்பு முடி வந்தது. இரண்டுமே தகவல்கள். கதை இவற்றால் கெடவில்லை, மதிப்பெண்ணில் கை வைக்க வேண்டாம்.

நிறுத்திய சட்டகங்களைக் காட்டாதீர்கள். நொடிக்கு 24 சட்டகம், ஒரு படம் பெரும்பாலும் இரண்டு சட்டகம் நிற்கும், ஆக நொடிக்கு 12 படம். நீங்கள் நிறுத்திய கோணல் முகம் ஓடும்போது நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் கண்ணில் படும். ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் இடைப்படம் அது, கோணலாக இருந்தால்தான் அசைவு உயிரோடு இருக்கும். ஓட்டத்திலேயே உறுத்துகிறதா என்று பாருங்கள். பேசி முடித்த பிறகும் வாய் அசைவது, பேசாதவர் மரக்கட்டையாக நிற்பது, நடக்கும்போது கால் தரையில் வழுக்குவது, இவை பிழைகள். பேசாதவர்களின் முகத்தைப் பார்ப்பது நல்ல சோதனை. ஒலியை அணைத்துவிட்டு ஒரு சாப்பாட்டு மேசைக் காட்சியை ஓடவிடுங்கள், எந்த எபிசோடில் லேஅவுட் (காட்சியின் அமைப்பு) வரைந்தவர்கள் நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று உடனே தெரியும்.

படத்தால் மட்டும் சொல்லும் நகைச்சுவைக்கு 'பார்ட் த ஜீனியஸ்' எடுத்துக்காட்டு. தேர்வில் ரயில் கணக்கு வரும் இடம். கணக்கில் உள்ள பயணிகளும் எண்களும் பார்ட்டின் தலைக்குள் கூட்டமாக நெருக்கி, அவனே அந்த ரயிலில் மாட்டிக்கொள்கிறான். கணக்கு வராத பிள்ளையின் பயத்தை வசனத்தால் இப்படிச் சொல்லவே முடியாது. சில்வர்மன் இயக்கியது. 7ஜி01 அப்படி வந்த பிறகு, இதுவும் சொதப்பியிருந்தால் தொடரே நின்றிருக்கலாம் என்ற நிலையில் வந்த படம் இது. உங்கள் விமர்சனத்தில் ஒரு பத்தி முழுக்க இந்தக் காட்சிக்கே கொடுங்கள்.

---

வசனக்காரி எழுதியது:

மதிப்பெண் கேள்வி பாக்கி நிற்கிறது. 13 எபிசோடும் சேர்த்து ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. எனவே ஒவ்வொன்றையும் இரண்டு முறை பார்க்கத் தயங்காதீர்கள். முதல் முறை நிறுத்தாமல், குறிப்பு எடுக்காமல். இரண்டாவது முறை மூன்று பகுதிகளுக்கும் தனித்தனிக் குறிப்பு: பகுதி முடியும்போது நிலைமை மாறியிருக்கிறதா, சிரிப்பு யாருடைய குணத்திலிருந்து வருகிறது, உணர்ச்சிக்கு இடம் விட்டிருக்கிறார்களா. 13க்கும் குறிப்பு முடியும்வரை எண் போடாதீர்கள். முடிந்ததும் 13ஐயும் தங்களுக்குள்ளேயே ஒப்பிட்டு வரிசைப்படுத்துங்கள், எண் தானாக வரும். நான்காம் சீசன் பேச்சே வேண்டாம். அதன் வேகம் வேறு, இசையமைப்பாளரும் வேறு. முதல் சீசனுக்குப் பின்னணி இசை ரிச்சர்ட் கிப்ஸ், ஆல்ஃப் கிளாசன் இரண்டாம் சீசனில்தான் வருகிறார். தொடக்க இசை மட்டும் இரண்டுக்கும் பொது, டேனி எல்ஃப்மன்.

இந்த முறையில் கீழே போகும் என்று நான் நினைப்பது 'த கால் ஆஃப் த சிம்ப்சன்ஸ்'. காட்டில் தொலைவது, சேறு பூசிய ஹோமரைப் பிக்ஃபுட் எனும் கட்டுக்கதைப் பெருங்கால் மனிதன் என்று நினைப்பது என்று நிகழ்ச்சிகள் அடுக்கிக்கொண்டே போகின்றன, யாருடைய முடிவும் கதையைத் திருப்பவில்லை. மேலே போவது 'கிரஸ்டி கெட்ஸ் பஸ்டட்'. டிவி கோமாளி கிரஸ்டி கொள்ளைக்காரன் என்று கைதாகும் கதை, பிராட் பேர்ட் இயக்கியது. குற்றவாளி யார் என்பதற்கான தடயங்கள் கொள்ளை நடக்கும்போதே நம் கண்முன் வைக்கப்படுகின்றன: மிதிபட்ட கால், மைக்ரோவேவ் அடுப்பு, கையில் பத்திரிகை. முடிவு தெரிந்த பிறகு அந்தக் காட்சிக்குத் திரும்பினால் எதுவும் மறைக்கப்படவில்லை என்று தெரியும். இதற்கு மட்டும் விமர்சனத்தின் தலையிலேயே ஸ்பாய்லர் எச்சரிக்கை போட்டுவிடுங்கள். தடயங்களைச் சொல்லாமல் இந்த எபிசோடின் அருமையை விளக்க முடியாது.